அந்தி வானத்தில் பறப்பது வௌவாலா, வாத்தா? பழனி அடிவாரக் குளங்களில் இனங்காணும் முறை

பழனி மலையடிவாரக் குளங்களில் பொழுது சாய்ந்ததும் தலைக்கு மேல் பெரிய கரிய உருவங்கள் போகும். பழந்தின்னி வௌவாலையும் புள்ளிமூக்கு வாத்தையும் அந்த வெளிச்சத்தில் பலர் மாற்றிக் குறித்துவிடுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான். வாத்தின் இறக்கை விரிப்பு 83 முதல் 95 செ.மீ.; வளர்ந்த வௌவாலுக்கு 1.2 முதல் 1.5 மீட்டர். ஆனால் வெறும் வானத்தில் தூரம் பிடிபடாது. அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நிற்கும் இடம்தான் பாதி வேலை. வரதமாநதி அணையோ ஆயக்குடிப் பக்கத்துக் குளமோ, கிழக்குக் கரையில் நின்று மேற்கு வானத்தைப் பாருங்கள். தெற்கே மலை, அந்தக் கருமைக்கு முன்னால் எது பறந்தாலும் கண்ணுக்குச் சிக்காது. சூரியன் மறைய அரை மணி முன்பே போனால், தண்ணீரில் கிடக்கும் வாத்துகளை மஞ்சள் நுனி அலகை வைத்து எண்ணிவிடலாம். வௌவால்கள் பெரும்பாலும் சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடம் கழித்தே கிளம்பும். பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) எடுங்கள். 10×42இல் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4.2 மி.மீ.தான், 8×42இல் 5.25; அதனால் மங்கிய வெளிச்சத்தில் காட்சி பளிச்சென்று தெரியும்.

முதலில் இறக்கையடி. வௌவாலின் அகன்ற இறக்கை மெதுவாக, ஆழமாக அடிக்கும், வாய்விட்டு எண்ணலாம். வாத்தின் குறுகிய இறக்கை அதே எடையைத் தூக்க இடைவிடாமல் படபடக்க வேண்டும், எண்ணவே முடியாது. அடுத்து முன்பக்கம்: வாத்துக்கு நீட்டிய கழுத்து, வௌவாலுக்குக் கழுத்தே தெரியாது. தலைக்கு நேர் மேலே வந்தால் இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். வௌவாலுக்கு விரலெலும்பு முடியும் இடமெல்லாம் கூர்ந்து, நடுவில் உள்வளைந்திருக்கும். வாலும் கிடையாது.

ஏமாற்றுவது வக்கா என்னும் இராக்கொக்கு. அதுவும் அந்தியில்தான் கிளம்பும், கழுத்தை மடக்கிக்கொள்ளும், மெதுவாக இறக்கையடிக்கும். வாலுக்குப் பின்னால் கால் நீண்டிருந்தாலோ, 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கேட்டாலோ வக்காதான்.

தண்ணீருக்கு இறங்கும்போது சந்தேகமே இருக்காது. வாத்து காலை முன்னால் நீட்டி, நீரைக் கிழித்துக்கொண்டு அமரும். வௌவால் வயிற்றை நனைத்துவிட்டு அப்படியே மேலே போய்விடும். நனைந்த ரோமத்தைப் பிறகு நக்கிக் குடிக்கும்.

டார்ச் அடிக்காதீர்கள், இரண்டும் கலைந்துவிடும். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.