காட்டுப் பாதைக்குப் புது ஜீப்: மேலதிகச் சாமான் பூட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஏ-9 வீதியில் புதுக் கெப்புகளையும் ஜீப்புகளையும் மறுபடி காணக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் சிலருக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. குடும்பத்தோடு முத்தையன்கட்டுப் பக்கமோ நாயாற்றுப் பக்கமோ போய் இரண்டு இரவு தங்க வேண்டும், சமைத்துச் சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே "என்னென்ன பூட்டலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில், பாதித் தவறுகள் அந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

ஒரு மாரியும் ஒரு கோடையும் வண்டியை வந்தபடியே ஓட்டிப் பாருங்கள். வன்னி மண் ஒரே மாதிரியானது அல்ல. கிளிநொச்சிப் பக்கம் செம்மண், முருங்கன் பக்கம் கரிய களி, முல்லைத்தீவுக் கரையோரம் மணல். கோடையில் வெடித்துக் கிடக்கும் முருங்கன் களி, மழை விழுந்ததும் சில்லைச் சுற்றி மாவுருண்டை போல அப்பிக்கொள்ளும். நீங்கள் உண்மையில் போகப் போவது இதில் எங்கே, எத்தனை பேரோடு, எத்தனை நாளுக்கு என்பது ஓர் ஆண்டு ஓட்டினால்தான் தெரியும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அங்குள்ள பாலைவனத்தில் எரிபொருள் நிலையம் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் பல நூறு கிலோமீற்றர் இருக்கலாம். இங்கே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். இரண்டாவது டீசல் தாங்கி பூட்டினால் 80 லீற்றருக்கு 65 கிலோவுக்கு மேல் சும்மா சுமந்து திரிய வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிறையைக் கணக்குப் பார்க்காமல் விடுவது. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆட்களையும் சாமான்களையும் சேர்த்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று உச்ச நிறை ஒன்று உண்டு. அதிலிருந்து வெறும் வண்டியின் நிறையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. கெப்புகளில் அது பெரும்பாலும் 800 முதல் 1000 கிலோ வரை வரும். ஏழு ஆசன ஜீப்புகள் பலவற்றில் அதைவிடக் குறைவு. இப்போது கூட்டிப் பாருங்கள். இரும்புப் பம்பர் 60 கிலோ, வின்ச் (தாண்ட வண்டியைக் கம்பி சுற்றி இழுத்தெடுக்கும் மெசின்) 40, கூரை ராக்கை 30, கூரைக் கூடாரம் 60, இரண்டாவது பற்றரி 28, சாமானோடு குளிர்பெட்டி 40, பின்பக்க இழுப்பறைகள் 60, தண்ணீர் 60 லீற்றர் என்றால் 60 கிலோ, அடுப்பு சட்டி, திருத்த வேலைக் கருவிகள் எல்லாம் 50. அதற்கு மேல் நான்கு பேர் 280. மொத்தம் 708 கிலோ. உடுப்பு, பாய், அரிசி, தறப்பாள் எதுவும் இன்னும் ஏறவில்லை. ஜீப் என்றால் பலருக்கு இந்த இடத்திலேயே எல்லை தாண்டிவிட்டது.

நிறை கூடினால் பிறேக் பிடிக்கும் தூரம் கூடும், ஸ்பிறிங் சோரும், சேற்றில் இன்னும் ஆழமாகத் தாழும். கெப்பில் பின் அச்சுக்கும் பின்னால் பாரத்தைக் குவித்து, கிறவல் வீதிக் குழிகளில் வேகமாக ஓட்டினால் கபினுக்குப் பின்னால் சேசிஸே வளையும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று ஸ்பிறிங்குக்குள் காற்றுப் பை வைத்து நிமிர்த்துகிறார்கள். வண்டி நேராக நிற்கும். ஆனால் ஏற்றலாம் என்ற நிறை ஒரு கிலோகூடக் கூடாது. அதனால் பயணத்துக்கு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஆட்களோடு ஒரு முறை அரிசி ஆலையிலோ நெல் களஞ்சியத்திலோ உள்ள வாகனத் தராசில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது ரயர். இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு மார்கழி மாதம், ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு குளத்தின் அலைகரையில் மச்சானின் புது வண்டி தாண்டு போயிற்று. கிழமை ஒன்றுகூட ஆகாத, பெரிய பல்லு வைத்த சேற்று ரயர்கள். நாங்கள் மண்வெட்டியால் வெட்டினோம், கொப்பு முறித்துப் போட்டோம், மிதிக்க மிதிக்க வண்டி வயிற்றில் இருந்துவிட்டது. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார். பெருவிரலால் ரயரை ஒரு முறை அழுத்தினார். "தம்பியவை, காத்தை இறக்கிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். இல்லை. கராஜில் 40 பிஎஸ்ஐ அடித்து விட்டபடியே நின்றன. அவரே ஒரு உடைமுள்ளை முறித்து வால்வுக்குள் வைத்து அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு போக, ரயரின் அடிப்பக்கம் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் பிதுங்கி, மண்ணில் உள்ளங்கை போலப் படிந்தது. நாலு ரயரையும் 18 வரை இறக்கி, சில்லுக்குப் பின்னால் இருந்த சேற்றை வழித்து, மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் லோ ரேஞ்சில் றிவேர்ஸ் கியர் போட்டுப் பின்னால் எடுத்தோம். வண்டி வந்த தடத்திலேயே ஊர்ந்து வெளியே வந்தது. அவர் உழவு மெசினைக் கூப்பிட வேண்டியே வரவில்லை.

அன்றிலிருந்து எவர் கேட்டாலும் நான் முதலில் வாங்கச் சொல்வது காற்றழுத்தம் பார்க்கும் ஒரு மானியும், நல்ல காற்றுப் பம்பும்தான். கிறவலில் 26, 28 அளவு. சேற்றில் 20க்குச் சற்றுக் கூட. கடற்கரை மணலில் 16 முதல் 18. பாரம் கூடிய வண்டி என்றால் இதைவிடச் சற்றுக் கூட வைத்துத் தொடங்குங்கள். இறக்கிய காற்றோடு வேகமாக ஓடக்கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏற முன் திரும்ப அடிக்க வேண்டும். பம்பு இல்லாதவர் காற்றை இறக்கத் தயங்குவார், அதனால்தான் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்கிறேன்.

பெரிய பல்லு ரயர் எல்லோருக்கும் வேண்டியது அல்ல. நனைந்த ஏ-9இல் அது தாமதமாகத்தான் பிடிக்கும், இரைச்சலும் கூட. முருங்கன் களியில் அந்தப் பல்லுகளும் நிரம்பி வழவழத்துப் போகும். அங்கே மழைக்கு அடுத்த நாள் இறங்காமல் காத்திருப்பதுதான் வழி. தார், கிறவல், காடு மூன்றுக்கும் பொதுவான ரயரே வன்னிக்குப் போதும். அளவையும் கண்டபடி கூட்ட வேண்டாம். 265/65 ஆர்17ஐக் கழற்றி 285/70 ஆர்17 பூட்டினால் விட்டம் 7 சதவீதம் கூடுகிறது. வேகமானி 80 காட்டும்போது நீங்கள் 85க்கு மேல் ஓடுகிறீர்கள். கியரும் பிறேக்கும் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும், முழுதாகத் திருப்பும்போது உள் மட்காட்டிலும் உரசலாம். இவ்வளவுக்கும் அடி உயரம் கூடுவது 27 மில்லிமீற்றர்தான்.

உயர்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிறிங் மாற்றி உயர்த்தினால் உடம்புதான் உயரும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் பழைய உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது ரயர் மட்டுமே. 50 மில்லிமீற்றருக்கு மேல் போனால் முன் சில்லுக்குப் போகும் அச்சுகளின் கோணம் கூடி, அவற்றின் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து கெடும். ஸ்பிறிங்கைத் தெரிவு செய்ய வேண்டியது வண்டியில் எப்போதும் இருக்கும் பாரத்தைப் பார்த்து. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் பாரத்துக்காக இரும்பு போல ஸ்பிறிங் போட்டால் மற்ற 350 நாளும் முதுகுதான் பதில் சொல்லும்.

முன் பம்பர் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது வண்டிகளில், விபத்தில் விரிந்து ஆட்களைக் காக்கும் காற்றுப் பைக்கான உணரிகளும் ராடரும் முன்பக்கம்தான் இருக்கின்றன. அந்த மாடலுக்கென்று சோதித்துச் செய்யாத பம்பரை ஊர் கராஜில் ஒட்டி மாட்டினால், விபத்து நேரத்தில் பை எப்போது விரியும் என்று எவராலும் சொல்ல முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டிய மாற்றங்களும் உண்டு. காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

வின்ச் வாங்கினால் வண்டியின் முழு நிறையைப் போல ஒன்றரை மடங்கு இழுப்பது வேண்டும். மூன்று தொன் வண்டிக்கு நாலரைத் தொன். ஆனால் அதற்கு முன் இழுக்கும் கொளுவிகளைப் பாருங்கள். பெட்டி இழுக்கும் உருண்டைக் கொளுவியில் பட்டி மாட்டி இழுப்பது உயிரைக் குடிக்கும் தவறு. நீளும் பட்டி இறுகி நிற்கும்போது அந்த உருண்டை முறிந்தால் அது குண்டு போலப் பறக்கும். கப்பலில் கட்டி வருவதற்காக வண்டிக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையங்களும் இழுப்பதற்கானவை அல்ல. உதவிக்கு வரும் உழவு மெசின்காரர் நல்ல மனதோடு கம்பியைக் கையில் கிடைத்த இடத்தில்தான் கட்டப் பார்ப்பார்; எங்கே கட்ட வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள். இறுகிய கம்பிக்கு மேல் நனைந்த சாக்கைப் போட்டு, ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, கம்பியின் நீளத்துக்கும் அப்பால் அனுப்பிவிடுங்கள். மருத மரத்தில் கட்டுகிறீர்கள் என்றால் அகலமான பட்டியைச் சுற்றி அதில் கொளுவுங்கள், வெறும் கம்பி பட்டையை அறுத்து மரத்தைச் சாகடிக்கும்.

மரம் இல்லாத வெளியில் உபரிச் சில்லைக் குழி வெட்டிப் புதைத்து, அதில் வின்ச்சைக் கட்டி இழுக்கும் முறை ஒன்று வீடியோக்களில் வரும். வன்னியில் அதைச் செய்யவே வேண்டாம். 2002 தொடக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடக்கிறது, பெரும்பகுதி நிலம் மீட்கப்பட்டும் விட்டது, ஆனாலும் வெடிக்காத பொருட்கள் இன்னமும் அகப்படுகின்றன. மாரி வெள்ளம் மண்ணை அரித்து அவற்றை இடம் மாற்றியும் விடும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் திரும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத இடத்திலும் பழகிய தடத்தை விட்டு இறங்கக் கூடாது, தெரியாத நிலத்தில் தோண்டக் கூடாது, கூடாரத்துக்கு நீள முளை அறையக் கூடாது. எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே பின்வாங்கி 119க்குச் சொல்லுங்கள்.

ஸ்நோர்க்கல் பூட்டியதும் வண்டி படகாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது எஞ்சினுக்குள் போகும் காற்றை மட்டும் உயரத்திலிருந்து எடுக்கிறது. எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைத் தயாரித்தவர் சொல்லியிருப்பார்: ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றர், ரேஞ்சருக்கு 800, புதிய டிஃபெண்டருக்கு 900. அதுவும் அசையாத தண்ணீருக்கு. குளம் வான் பாயும்போது முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம். ஸ்நோர்க்கலைவிட மலிவாகச் செய்யக்கூடிய, பலர் செய்யாத வேலை, அச்சுகளின் மூச்சுக் குழாய்களை நீட்டி உயரத்தில் கட்டுவது. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வரும். கரையோர மணலில் ஓடினால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பூட்டுவதற்கென்று துளைத்த ஓட்டைகளுக்குப் பெயின்ற் அடிக்காமல் விட்டால் உப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

மின் வேலை பற்றிச் சுருக்கமாக. எங்கள் வெக்கையில் குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 40, 50 அம்பியர்-மணி குடிக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே ஒரு நாள் கணக்குத்தான். புது வண்டிகளில் எஞ்சினோடு சுற்றி மின் தரும் ஓல்ட்டனேற்றர் தேவைக்கேற்ப மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால், இரண்டாவது பற்றரிக்கு அதைச் சரிசெய்து கொடுக்கும் தனியான டிசி-டிசி சார்ஜர் வேண்டும். ஃபியூஸைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உள்ளே போகும் வயர்களை வெட்டி ஒட்ட எவரையும் விடாதீர்கள், உத்தரவாதம் அதோடு போகும்.

கூரைக் கூடாரம் வாங்க முன் கையேட்டைத் திறந்து, ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். ராக்கையின் நிறையும் அந்தக் கணக்கில்தான் சேரும். காட்டுத் தடங்களில் பாலையும் முதிரையும் தாழக் கொப்பு விட்டிருக்கும், கூடாரம் வண்டியை அந்தக் கொப்புகளின் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். எனக்கு என்றால் தறப்பாளும் நுளம்பு வலையும் கன்வஸ் கட்டிலும் போதும்.

இனி எங்கே தங்குவது. மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். ஏனைய காடுகளுக்கும் வனத் திணைக்களம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் கொட்டில் போட வேண்டாம். ஊரவர் ஒருவரின் வளவில் கேட்டுத் தங்கினால் கிணறும் கிடைக்கும், பாதையும் தெரியும். நெருப்பை வெறும் நிலத்தில் மூட்டாதீர்கள். குப்பை எரிக்கும்போது அடியில் கிடந்தது வெடித்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. காஸ் அடுப்பு, அல்லது கால் வைத்த இரும்புத் தட்டு. வைகாசி, ஆனியில் பாலைப்பழக் காலம், அந்த மரங்களுக்குக் கீழே படுக்க வேண்டாம், கரடி அங்கேதான் வரும். அரிசி, உப்பு, பழம் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். இடம் பிடிக்க முன் குளக்கரை மரங்களைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் அடிமரத்தில் சேறு தேய்ந்திருந்தால் அது யானை வந்து உரசிப் போகும் வழி. விரலால் தொட்டுப் பார்க்கும்போது அந்தச் சேறு ஈரமாக இருந்தால், இறக்கிய சாமானைத் திரும்ப ஏற்றி, வெளிச்சம் இருக்கும்போதே வந்த தடத்தால் வெளியே வந்துவிடுங்கள்.