மலையில் கல்யாணம், மாப்பிள்ளை வெளிநாடு: மண்டபத்துக்கு முன்னால் காகிதம்

கோத்தகிரி, கூடலூர் பெண்ணுக்கு இலங்கை மலையகத்தில் அட்டனிலோ நுவரெலியாவிலோ மாப்பிள்ளை அமைவது நமக்குப் புதிதில்லை. அங்கிருந்த தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாதிச் சொந்தம் இங்கே வந்தது, மீதி அங்கேயே தங்கிவிட்டது. இப்போது வேலைக்குப் போன இடத்தில் பிரான்ஸ்காரரை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் சரி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

இருவரும் இந்துக்கள் என்றால் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியலாம், தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவது கட்டாயம். மதம் வேறு என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அதில்தான் நாள் கணக்கு இடிக்கும்: இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணைக்கு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும், கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சியோடு கல்யாணம் முடிய வேண்டும். மூன்று வார லீவில் வருகிற மாப்பிள்ளைக்கு இது ஒத்துவராது, அதனால் முகூர்த்தத்தைப் பின்னாலிருந்து எண்ணிக் குறியுங்கள். அவர் திருமணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டுத் தூதரகச் சான்றும் கேட்பார்கள். இலங்கைக்குச் சென்னையில் துணைத் தூதரகம், பிரான்ஸுக்குப் புதுச்சேரியில்.

அப்புறம் பெயர். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் என் கண்ணில் இதுதான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் 'செ.' என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே பெண், விசா அதிகாரிக்கு மூன்று பேர். பதிவுக்கு முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள், கல்யாணச் சான்றில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

மாப்பிள்ளை வீட்டாரைக் காட்டேஜில் தங்க வைக்கிறீர்களா? வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் உரிமையாளர் அவர்கள் தங்கும் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கேயே குடித்தனம் என்றால் சுற்றுலா விசாவில் காலம் தள்ளக் கூடாது. இந்தியரின் கணவர் அல்லது மனைவி என்ற வகையில் என்ட்ரி விசா இருக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே முடியும். கல்யாணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்து சேர்ந்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டவர் இங்கே நீண்ட காலம் தங்க உதவும் அட்டை) விண்ணப்பிக்கலாம், கல்யாணப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். பாகிஸ்தான், வங்கதேசப் பூர்வீகம் உள்ளவர்களுக்கு இது கிடையாது. விவாகரத்தானால் அட்டையும் போகும்.

அட்டை இருந்தால் வீடு வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் மட்டும் வாங்க முடியாது, மருமகன் பேரில் தேயிலைத் தோட்டம் கிரயம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.