பெரிய டிவி வாங்கப் போறீங்களா? முதலில் இஞ்ச் டேப்பை எடுங்க

தீபாவளி நெருங்கினால் மும்பை செம்பூரில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, 4கே போதுமா, 8கே எடுக்கணுமா?" "சோபாவுக்கும் சுவருக்கும் எத்தனை அடி?" என்று நான் திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

படி 1: தூரம்

டிவி வரும் இடத்திலிருந்து, சாய்ந்து உட்காரும்போது உங்கள் கண் இருக்கும் இடம்வரை அளங்கள். மும்பையில் 10 அடி ஹால் என்பார்கள். சோபாவின் ஆழமும் டிவி ஸ்டாண்டும் போனால் 7 அடி தேறினாலே பெரிது. அந்த 7 அடி 84 இஞ்ச். டிவி அளவுக்குப் பொதுவான கணக்கு, தூரத்தை 1.6ஆல் வகுப்பது: 52 சொச்சம். ஆக, 50 அல்லது 55 இஞ்ச் டிவி. சினிமா மாதிரி கண்ணை நிறைக்க வேண்டுமென்றால் 65 வரை போகலாம்.

படி 2: சுவரில் பேப்பர்

55 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 122 செ.மீ., உயரம் 68 செ.மீ. அந்த அளவுக்குப் பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பீரோ கதவு இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மாடிப்படித் திருப்பத்தையும் அளங்கள். நான் அளக்கவில்லை, என் 65 இஞ்ச் பெட்டி இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, வந்த டெம்போவிலேயே திரும்பிப் போனது.

படி 3: ரெசல்யூஷன்

திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளின் கணக்கு இது. ஃபுல் எச்டியில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கேயில் 83 லட்சம், 8கேயில் 3.3 கோடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பார்ப்பது நம் கண்தானே! நல்ல பார்வை உள்ளவருக்கு பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்துத் தெரியும். 55 இஞ்ச் ஃபுல் எச்டியில் ஒரு புள்ளி 0.63 மி.மீ.; 7 அடிக்கு அப்பால் போனால் அது தனியாகத் தெரியாது. 4கேயில் புள்ளி அதில் பாதி, அதனால் தூரமும் பாதி. அதாவது மூன்றரை அடிக்கு அப்பால் 4கே புள்ளியே தனியாகத் தெரியாது; 8கேக்குக் கொடுத்த காசு கண்ணில் தெரிய மூன்றரை அடிக்குள் உட்கார வேண்டும். அம்மா சும்மா விடுவாரா?

55 இஞ்சுக்கு மேல் கடையில் இருப்பது எல்லாமே ஏறக்குறைய 4கேதான். அதை எடுங்கள், 8கேயை மறந்துவிடுங்கள்.

படி 4: எதைப் பார்ப்பீர்கள்?

சாதா எஸ்டி சேனலில் படம் மேலிருந்து கீழாக 576 புள்ளி வரிதான். பெரிய திரையில் அதை இழுத்துக் காட்டும்போது, சீரியல் மாமியாரின் நெக்லஸ் மணிமணியாகத் தெரியாமல் குழைந்த பாயசமாகிவிடும். குறை டிவியில் இல்லை. சேனலை எச்டிக்கு மாற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் பிரீமியம் பிளானும், குறைந்தது 15 எம்பிபிஎஸ் வேக இணையமும் வேண்டும்.

படி 5: கடையில்

அங்கே ஓடும் பூ, கிளி வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லா டிவியும் 'விவிட்' மோடில் பளபளக்கும். 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லி, பென்டிரைவில் கொண்டுபோன ஓர் இரவுக் காட்சியைப் போடுங்கள். கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக வெளுக்கிறதா? என் காசு என்றால் இதற்குத்தான் கூடுதலாகக் கொடுப்பேன். பக்கவாட்டில் பாயில் உட்கார்ந்தும் பார்ப்பவர்கள் வீட்டில் உண்டென்றால், ஓரமாக நின்று நிறம் மங்குகிறதா என்றும் பாருங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் பிரிக்காதீர்கள். கம்பெனி ஆள் வந்து பிரிக்கட்டும். திரை முழுக்க வெள்ளை, பிறகு முழுக்கக் கறுப்புப் படம் போட்டுப் பார்த்து, கோடோ புள்ளியோ இல்லை என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.