துன்பப்படுகிறவரின் அருகில் அமர்வது எப்படி?

துன்பத்தில் இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது, என்ன சொல்லித் தேற்றுவது என்ற கவலையே பலரை வாசலில் தயங்க வைக்கிறது. வேதாகமத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் மிக நல்லது அதுவே. அவருடைய பாடுகளுக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள், தேவனுடைய கோபமும் அவர்கள்மேல் மூண்டது.

ஆகவே முதலில் அமருங்கள். அவர் பேசினால், ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும், குறுக்கிடாமல் கேளுங்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வேத வசனம் சத்தியமே. ஆனால் இழப்பு நேர்ந்த அன்றே அதை நாம் எடுத்துச் சொன்னால், அழுகையை நிறுத்தச் சொல்வதாகவே அவர் காதில் விழும். அந்த வசனத்தை அவரே தம் வாயால் அறிக்கையிடும் நாள் வரட்டும். விசுவாசம் குறைவு என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். மரித்த லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் சகோதரி மரியாள் அழுவதைக் கண்ட இயேசு கண்ணீர்விட்டாரே!

உதவி செய்ய விரும்பினால், "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். யோசித்துக் கேட்கும் பாரத்தையும் அது அவர்மேலேயே வைத்துவிடும். "நாளை மருத்துவரிடம் போக நான் உடன் வரட்டுமா?" என்று குறிப்பாகக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் விடுங்கள். பர்திமேயு பார்வையற்றவன் என்பது தெரிந்திருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்று ஆண்டவர் கேட்டார்.

சாக வேண்டும் என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் உறங்க விட்டான். இன்று ஒருவர் சாக வேண்டும் என்று பேசினால், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள், அதுவும் ஊழியமே.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். அறிவுரையை ஜெபத்துக்குள் நுழைக்காதீர்கள்.

இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொன்னான். நம்மில் பலர் தவறவிடுவது இந்தத் திரும்பி வருதலைத்தான். கூட்டம் கலைந்து, விசாரிப்புகள் நின்றுபோன பிறகு மறுபடியும் போங்கள். மரணத்தால் வந்த துக்கமானால், மரித்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள்.