பெல்ஜியம் பீரைக் கெடுக்கும் தவறுகள்

பெல்ஜியத்தின் பாரம்பரிய பீரை முதல் தடவை குடித்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் குற்றம் பீரில் இருக்காது. லாகர் என்ற வழக்கமான பொன்னிற பீரைக் குடிக்கும் பழக்கத்திலேயே அதையும் குடித்திருப்பார்கள்: பல் கூசும் ஜில்லில், கையில் கிடைத்த கிளாஸில், அடிவண்டல் வரை கவிழ்த்து.

குளிரிலிருந்தே தொடங்கலாம், அதிகம் கெடுப்பது அதுதான். லாகரில் ஒரு வகையான பில்ஸ்னருக்கு 5 முதல் 7 டிகிரி பொருந்தும். துறவிகள் காய்ச்சும் ரோஷ்ஃபோர் 10 அப்படிப்பட்டதல்ல. அதன் உலர்திராட்சை, அத்திப்பழ, சாக்லேட் வாசனையெல்லாம் 12 டிகிரியை ஒட்டித்தான் மேலே எழும். 4 டிகிரியில் குடித்தால் வாயுவும் கொஞ்சம் கசப்பும் மட்டுமே நாக்கில் படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 33 செ.லி. (330 மி.லி.) பாட்டிலை 20 டிகிரி அறையில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் 20 நிமிடமே போதும். கிளாஸை ஃபிரீசரில் வைப்பதோ எந்த பீருக்கும் ஆகாது. உள்ளே படியும் பனி உருகி பீரை நீர்க்கச் செய்யும், மணத்தையும் அமுக்கிவிடும்.

கிளாஸில் இன்னொரு தொல்லை எண்ணெய்ப்பசை. பால், எண்ணெய், சோப்பு எது ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது. நுரை போனால் பாதி மணமும் போயிற்று. சோதிப்பது சுலபம்: கழுவிய கிளாஸில் தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். உள்சுவரில் நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பசை இருக்கிறது.

ஊற்றும்போது நடக்கும் தவறைப் பலர் கவனிப்பதே இல்லை. வெஸ்ட்மல்லே, டூவெல், ஓர்வால் போன்றவை பாட்டிலுக்குள்ளேயே மீண்டும் நொதிக்கும். அதனால் அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். குடிப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். முழு பாட்டிலும் நுரையோடு கொள்ளும் பெரிய கிளாஸ் வேண்டும். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் வந்ததும் நிமிர்த்தி நுரை கட்டவிடுங்கள். அடியில் ஒரு செ.மீ. மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். பாட்டிலை இடையில் நிமிர்த்தி மறுபடி சாய்க்கவே கூடாது. ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் வண்டல் கலங்கி, அடுத்து ஊற்றுவது மங்கலாகவும் ஈஸ்ட் கசப்போடும் விழும். இரண்டு பேருக்குப் பகிர்வதென்றால் இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமலே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துங்கள்.

கோதுமை பீர் இதற்கு நேர் எதிர். ஹூகார்டனிலும் பவேரியாவின் ஹெஃபவைசனிலும் ஈஸ்ட் சேர்ந்தால்தான் முழுச் சுவை. கடைசிக் கொஞ்சத்தைப் பாட்டிலில் சுழற்றிக் கலக்கி, கிளாஸில் சேர்த்துவிடுங்கள்.

சேமிப்பில், "பழசாக ஆக நல்லது" என்று எல்லா பீரையும் பூட்டி வைப்பது வீண். ரோஷ்ஃபோர் 10, நீல லேபிள் ஷிமே போன்ற அடர் பீர்கள் இருட்டில், 10 முதல் 14 டிகிரியில் பல ஆண்டு தாங்கும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்துக்காகவே வாங்கும் ஐபிஏ என்ற பீர் வகை சில மாதங்களிலேயே மங்கி, பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். ஓர்வால் தனி ரகம். புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் மணம் முன்னால் நிற்கும். ஆறு மாதம் தாண்டினால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் கைவரிசையைக் காட்டும். இனிப்பு வற்றி, தோல், வைக்கோல் வாசனை வரும். இரண்டுமே ஓர்வால்தான். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைக் "கெட்டுப்போச்சு" என்று சொல்லக்கூடாது. பாட்டிலில் உள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

வெளிச்சம் உண்மையிலேயே கெடுக்கும். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, கந்தகத்தோடு சேர்ந்து துர்நாற்றம் வீசும் சேர்மமாகிவிடும். நேரடி வெயிலில் சில நிமிடம் போதும். பழுப்பு பாட்டில் நன்றாகத் தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. கடையின் கண்ணாடி ஜன்னலோரம் நிற்கும் பச்சை பாட்டிலைத் தொட வேண்டாம்.

அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யும்போது "ஒரு டிராப்பிஸ்ட் குடிச்சுப் பாருங்க" என்பதில் பயனில்லை. டிராப்பிஸ்ட் என்பது ஒரு கிறிஸ்தவத் துறவி சபை; பீரில் அது யார் காய்ச்சினார்கள் என்பதைச் சொல்லும் பெயர். மடத்து எல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்துக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். சுவை ஒவ்வொரு மடத்திலும் வேறு. டிராப்பிஸ்ட் பீருக்கான அறுகோண முத்திரை இல்லாத லெஃப் போன்றவை மடத்தின் பெயரைத் தாங்கிய வணிக பீர்கள். அவற்றை மட்டம் என்று சொல்ல வரவில்லை, இரண்டையும் குழப்பக்கூடாது என்பதுதான்.

எதிரே இருப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். கசப்பே ஆகாது என்பவருக்கு ஹூகார்டன் கொடுக்கலாம். அதில் ஆரஞ்சுத் தோலும் நம் வீட்டு மல்லி விதையும் சேர்கின்றன, மணம் அந்நியமாகவே தோன்றாது. காபியும் கருப்பு சாக்லேட்டும் பிடித்தவருக்கு வெஸ்ட்மல்லே டூபெல். லாம்பிக், கூஸ் என்ற புளிப்பு பீர்களை மட்டும் முன்னறிவிப்பு இல்லாமல் நீட்டாதீர்கள். பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தில், ஈஸ்ட் சேர்க்காமல், திறந்த தொட்டியில் ஆறவிட்டுக் காற்றிலுள்ள நுண்ணுயிர்களாலேயே நொதிப்பது லாம்பிக். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது கூஸ். புளிப்பு கூர்மையாக இருக்கும். பீர் என்று நினைத்து வாயில் வைப்பவர் முகம் சுளிப்பார். புளித்த ஆப்பிள் சைடர் மாதிரி இருக்கும் என்று முன்பே சொன்னால் ரசிக்க வாய்ப்புண்டு. லேபிளில் கூஸ், கிரீக் (செர்ரி சேர்த்த லாம்பிக்) என்ற பெயருக்கு முன் "அவுட" (Oude, "பழைய") என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதவற்றில் பல இனிப்பூட்டியவை.

அளவையும் சேர்த்தே சொல்லுங்கள். ரோஷ்ஃபோர் 10-இல் ஆல்கஹால் 11.3 சதவீதம். 33 செ.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 29 கிராம் இருக்கும். அதே அளவு 5 சதவீத லாகரில் 13 கிராம்தான். நிறத்தைப் பார்த்து இதைக் கணிக்கவும் முடியாது: பொன்னிற டூவெல் 8.5, கறுப்பான கின்னஸ் டிராஃப்ட் 4.2. பல வகைகளைச் சுவைக்க உட்கார்ந்தால் குறைந்த சதவீதத்தில் தொடங்கி, 9-க்கு மேற்பட்டவற்றைக் கடைசியில், ஒரு பாட்டிலை இருவராகப் பகிர்ந்து குடியுங்கள்.