பள்ளித் திட்டம் 'கட்' ஆனதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

பெற்றோர் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இசை வகுப்பு, நூலகம், சிறப்புப் பயிற்சி என்று எதிலாவது கை வைப்பார்கள். உடனே ஒரு கடிதம் போயாக வேண்டும். எல்லோரும் முதலில் எழுதித் தரும் வாக்கியம் "தி ஸ்கூல் கட் தி மியூசிக் புரோகிராம்" என்பதுதான். இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் வகுப்பு இன்னும் நடக்கிறதா, அடியோடு மூடிவிட்டார்களா என்பது படிப்பவருக்குத் தெரியாது. "மூடவில்லையே, வாரத்தில் ஒரு வகுப்புதானே குறைந்தது" என்று ஒரு வரியில் பதில் வந்தால், மனு அங்கேயே படுத்துவிடும்.

படி 1: முதலில் தமிழில் எழுதுங்கள்

குறைந்தது எது? பணமா, வகுப்பு நேரமா, ஆசிரியர் பணியிடமா? மிச்சம் எவ்வளவு? திரும்ப வருமா? முடிவே எடுத்துவிட்டார்களா, யோசனை அளவில்தான் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் ஆங்கிலத்தைத் தொடாதீர்கள்.

படி 2: மிச்சத்தைப் பார்த்து வினைச்சொல்லை எடுங்கள்

ஒன்றுமே மிச்சமில்லை என்றால் 'எலிமினேட்' அல்லது 'டிஸ்கன்டின்யூ'. 'ஆக்ஸ்', 'ஸ்கிராப்' இரண்டும் பத்திரிகைத் தலைப்புக்கானவை, மனுவில் வேண்டாம்.

கொஞ்சம் மிச்சம் இருந்தால் 'ரெட்யூஸ்', 'ஸ்கேல் பேக்'. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ரெட்யூஸ்' அளக்கக்கூடிய பொருளோடுதான் நன்றாகச் சேரும்: நிதி, மணி நேரம், ஆசிரியர் எண்ணிக்கை. திட்டத்தையே சுருக்கினார்கள் என்றால் 'ஸ்கேல் பேக்' இயல்பாக ஒலிக்கும்.

தற்காலிகமாக நிறுத்தினால் 'சஸ்பெண்ட்'. இப்போது படிப்பவர்கள் முடிக்கட்டும், புதிதாக யாரையும் சேர்க்க மாட்டோம் என்றால் 'ஃபேஸ் அவுட்'. பெற்றோர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இந்த வருடம் வகுப்பு ஓடிக்கொண்டிருப்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரே அறிவிப்புக்கு இரண்டு சொல் தேவைப்படுவதும் உண்டு. 2010 ஜூலையில் பிரிட்டனின் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், 'பில்டிங் ஸ்கூல்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர்' என்ற பள்ளிக் கட்டடத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். திட்டத்துக்கு 'டிஸ்கன்டின்யூட்' பொருந்தும். ஆனால் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் வேலை நின்றபோது, ஏற்பாடுகள் முன்னேறியிருந்த வேறு பல பள்ளிகளில் தொடர்ந்தது. ஆகவே ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றி எழுதும்போது 'கேன்சல்ட்'டா, 'வென்ட் அஹெட்'டா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 3: 'பை', 'டு' (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

நூலக நேரம் வாரத்துக்கு 10 மணி என்று வையுங்கள். 'கட் பை ஃபோர் ஹவர்ஸ்' என்றால் நான்கு போய் ஆறு மிச்சம். 'கட் டு ஃபோர் ஹவர்ஸ்' என்றால் ஆறு போய் நான்கு மிச்சம். இதுவரை எளிது.

'கட்' பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் சிக்கல். 'எ கட் டு தி லைப்ரரி பட்ஜெட்' என்பதில் 'டு' மிச்சத்தைச் சொல்லவில்லை. எதில் கை வைத்தார்கள் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு என்று சேர்க்க 'ஆஃப்' போடுங்கள்: 'எ கட் ஆஃப் 20 பெர்சன்ட்'. எனக்குப் பிடித்த வழி, இரண்டு எண்ணையும் கொடுத்துவிடுவது: 'ஃப்ரம் 10 ஹவர்ஸ் டு 6'. இதை யாராலும் வேறு மாதிரி படிக்க முடியாது.

சதவீதத்திலும் கவனம் தேவை. மொத்த பட்ஜெட்டில் கலைக் கல்வியின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 8 ஆனால், அது இரண்டு 'பெர்சன்டேஜ் பாயின்ட்' குறைவு. ஆனால் அந்தப் பங்கே 20 சதவீதம் சரிந்திருக்கிறது. இரண்டும் உண்மை. எதைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

அடுத்தது காலம். 'கட்' நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே உருவம்தான்; 'கட்டட்' என்ற சொல்லே கிடையாது. அதனால் 'ஹேஸ் கட்', 'பிளான்ஸ் டு கட்', 'ஹேஸ் ப்ரொபோஸ்ட் கட்டிங்' என்று பிரித்து எழுதுங்கள். யோசனை அளவில் இருப்பதை முடிந்த கதைபோல எழுதினால், தடுக்க முடிந்ததையும் பெற்றோர்கள் கைவிட்டுவிடுவார்கள்.

படி 4: சொல்லின் சூடு

'ட்ரிம்' என்றால் வேண்டாத சதையைச் செதுக்கியது போன்ற தொனி. குறைத்தவர்கள் விரும்பும் சொல் அது. 'ஸ்லாஷ்' பெரிய, திடீர் வெட்டு. 3 சதவீதக் குறைப்பை 'ஸ்லாஷ்' என்று எழுதாதீர்கள், பாதிக்குப் பாதி போனதை 'ட்ரிம்' என்று எழுதவும் விடாதீர்கள். 'டெசிமேட்' வேண்டவே வேண்டாம். பத்தில் ஒருவரைக் கொல்லும் ரோமானியத் தண்டனையிலிருந்து வந்த சொல் அது. இன்று பேரழிவைக் குறித்தாலும், பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதிகாரபூர்வக் கடிதத்தில் 'ஸ்ட்ரீம்லைன்', 'ரேஷனலைஸ்', 'கன்சாலிடேட்' என்று குறைப்பைப் பூசி மெழுகும் சொற்கள் வந்தால் அவற்றை உங்கள் பதிலில் அப்படியே திருப்பி எழுதாதீர்கள். எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் மிச்சம் என்று கேளுங்கள்.

கருவிகள்

தெசாரஸ் (ஒத்த பொருள் சொற்களின் தொகுப்பு) பக்கம் போகாதீர்கள். 'ரெட்யூஸ்' என்று தேடினால் இருபது சொற்களை வித்தியாசமே காட்டாமல் கொட்டும். லாங்மேன் ஆன்லைன் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் கொலோகேஷன்ஸ் அகராதியை விட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஆசிரியர் வேலை போனதை எப்படி எழுதுவது? நிதி இல்லாமல் போனால் 'லெய்ட் ஆஃப்'. பிரிட்டிஷ் வழக்கில் 'மேட் ரிடன்டன்ட்'. 'ஃபயர்ட்' என்றால் அவர் ஏதோ தவறு செய்ததாகத் தொனிக்கும். ஒரு நல்ல ஆசிரியருக்கு அந்தக் களங்கம் நம் கடிதத்தால் வரக்கூடாது. ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டால் அது 'அட்ரிஷன்'.

மானியக் காலம் முடிந்து திட்டம் நின்றால்? அமெரிக்காவில் கொரோனா காலத்தில் பள்ளிகளுக்கு வந்த மத்திய உதவிநிதியின் கடைசிப் பகுதியை 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கிவிட வேண்டும் என்று கெடு இருந்தது. இதுபோன்ற நிதிக்கு 'எக்ஸ்பயர்ட்' என்பதே சரி. ஆனால் அத்தோடு நிறுத்தினால் யாருமே முடிவெடுக்காதது போலாகிவிடும். மாற்று நிதி தர நிர்வாகம் மறுத்திருந்தால், 'டிக்ளைன்ட் டு ரிப்ளேஸ் இட்' என்று அடுத்த வாக்கியத்திலேயே எழுதுங்கள்.

கூட்டக் குறிப்பில் 'டேபிள்ட்' என்று இருந்தால் எந்த நாட்டு ஆங்கிலம் என்று பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கில் விவாதத்துக்கு வைத்தார்கள். அமெரிக்க வழக்கில் ஒத்திப்போட்டார்கள். உங்கள் மனுவில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, 'டிஸ்கஸ்ட்' அல்லது 'போஸ்ட்போன்ட்' என்று எழுதிவிடுங்கள்.