அமெரிக்கச் சூழல் சட்டங்கள்: செய்தி வாசிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

வெள்ளை மாளிகை ஒரு கட்சியிடம், செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸ் எதிர்க்கட்சியிடம் என்று தேர்தல் முடிவு வந்ததும், "இனி சூழலுக்காக ஒரு துரும்பும் அசையாது" என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். பழைய வாக்குக் கணக்குகளை எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

அதிபர் நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர். அவர் காலத்தில் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில். அந்த நிலையில்தான் 1970-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1973-இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் செனட்டில் 92-0 என நிறைவேறியது. அமில மழைக்குக் கடிவாளம் போட்ட, தூய காற்றுச் சட்டத்தின் 1990-ஆம் ஆண்டுத் திருத்தமும் அப்படியே: நிறைவேற்றியது ஜனநாயகக் கட்சிக் காங்கிரஸ், கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ்.

அதற்காக, அதிகாரம் பிரிந்திருப்பதே நல்லது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1970 ஏப்ரல் 22 அன்று, முதல் புவி நாளில், சுமார் 2 கோடி பேர் திரண்டார்கள். அந்த அழுத்தம் இரு கட்சிகளையும் தள்ளியது. இன்று கட்சிகளுக்கு இடையே உள்ள பிளவு அன்று இல்லை.

அதிபர் வீட்டோ செய்துவிட்டால் மசோதா செத்தது என்று நினைப்பது அடுத்த தவறு. 1972 அக்டோபர் 17 அன்று தூய நீர்ச் சட்டத்தை, செலவு தாங்காது என்று நிக்சன் திருப்பி அனுப்பினார். மறுநாளே செனட் 52-12, பிரதிநிதிகள் சபை 247-23 என்று வாக்களித்து வீட்டோவை முறியடித்தன. அவர் கட்சிக்காரர்கள் பலரும் அதில் சேர்ந்தார்கள். சட்டம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று செய்தியை அங்கேயே மூடிவைத்தால் பாதிதான் தெரியும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காகச் சட்டம் முதல் ஆண்டுக்கு 500 கோடி டாலர், அடுத்த ஆண்டுக்கு 600 கோடி என்று வைத்திருந்தது. நிக்சன் 200 கோடியும் 300 கோடியும் மட்டுமே விடச் சொன்னார். நியூயார்க் நகரம் வழக்குப் போட்டது. அப்படி நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 1975 ஆகிவிட்டது. நிக்சன் பதவியை விட்டே போயிருந்தார். என்னைக் கேட்டால், அமெரிக்க அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சட்டத்தின் கதையே நல்ல பாடம். வாக்கு எண்ணிக்கையோடு நிற்காமல், பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒரே கட்சியிடம் இருந்தால் எளிது என்ற நம்பிக்கையும் பலிப்பதில்லை. 2009 ஜூனில் கார்பன் உமிழ்வுக்கு வரம்பு வைத்து, உமிழும் உரிமையை வாங்கி விற்க விடும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தப்பிப் பிழைத்தது. ஒபாமா அதிபர், இரு அவைகளும் அவர் கட்சியிடம். இருந்தும் செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அங்கே விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்குகள் வேண்டும்; அவை திரளவில்லை. நிலக்கரி மாநிலத்து உறுப்பினருக்குக் கட்சியைவிட மாநிலம்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

காங்கிரஸ் முடங்கினால், கட்சிகளின் மோதல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கும் நீதிமன்றத்துக்கும் நகர்ந்துவிடும். 2015-இல் ஒபாமா அரசு மின்நிலையங்களின் கார்பனைக் குறைக்க விதி கொண்டுவந்தது. அதை ரத்துசெய்யக் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் அனுப்பிய தீர்மானத்தை அவர் வீட்டோ செய்தார். ஆனால் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தடை விதித்தது. அந்த விதி நடைமுறைக்கே வரவில்லை.

தலைப்பைப் பார்த்து மசோதாவை எடைபோடுவதையும் விட்டுவிடுங்கள். 2020 டிசம்பரில், 5,000 பக்கங்களைத் தாண்டிய செலவின மசோதா ஒன்றில் டிரம்ப் கையெழுத்திட்டார். கொரோனா நிவாரணத்தோடு அதற்குள் இன்னொன்றும் இருந்தது: ஏசிகளிலும் ஃபிரிட்ஜ்களிலும் பயன்படும், பூமியைச் சூடாக்கும் ஹைட்ரோஃபுளோரோகார்பன் வாயுக்களை 15 ஆண்டுகளில் 85 சதவீதம் குறைக்கும் சட்டம். செனட் குடியரசுக் கட்சியிடமும் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடமும் இருந்த காலம் அது.